கண்ணாடிக்குக் கீழே குமிழி

தண்ணீரின் மேல் வீடு கட்டினால் அந்த வீட்டுக்குக் கால்கள் வேண்டும். கால்கள் கடலில் நின்றால் சிப்பியும் பாசியும் ஒட்டும். விளம்பரப் படங்களில் இதெல்லாம் தெரியாது. கடலுக்குள் நீளும் மரப்பாலம், இருபுறமும் வில்லாக்கள், வாசல்படியைத் தொடும் பச்சைத் தண்ணீர், அவ்வளவுதான் தெரியும். இந்த விடுதியில் அந்தக் கால்களைச் சுரண்டிச் சுத்தமாக வைத்திருந்தவரைத் தூண்காரர் என்று கூப்பிடுவார்கள். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் சம்பளம் போடுகிற பெண்ணுக்குக்கூட ஆள் யாரென்று தெரியாது.

பாலத்தடியில் கட்டிய படகில் காற்று இயந்திரம் ஓடும். அதிலிருந்து வரும் குழாயை வாயில் கவ்விக்கொண்டு, இடுப்பில் ஈயக்கட்டியைக் கட்டிக்கொண்டு, கையில் இரும்புச் சுரண்டியோடு தூணின் அடி வரை இறங்குவார். மேலிருந்து கீழே சுரண்டுவது சுலபம். ஆனால் விழுகிற சிப்பி கையைக் கிழிக்கும். அதனால் அவர் எப்போதும் கீழிருந்தே தொடங்குவார். கூடுதலாக நேரம் பிடித்தாலும் அதை மாற்றமாட்டார்.

ஒவ்வொரு வில்லாவிலும் கூடத்தின் நடுவே கட்டில் அகலத்துக்குக் கண்ணாடித் தரை. படுத்துக்கொண்டே மீன் பார்க்கலாம். உலகத்தில் இந்த மாதிரி விடுதிகளாகத் தேடித் தேடித் தங்குகிறவர்கள் உண்டு. அவர்கள் அறை பதிவு செய்யும்போது கண்ணாடி எவ்வளவு பெரிது என்றுதான் முதலில் கேட்பார்களாம்.

ஒரு நாள் விருந்தாளி ஒருத்தி குளித்துவிட்டுத் துண்டோடு வந்தபோது, கண்ணாடிக்குக் கீழே குமிழி கொப்பளித்தது. அதன் நடுவில் முகமூடி போட்ட ஒரு முகம். அந்தக் குடும்பம் அன்றைக்கே வேறு விடுதிக்குப் போய்விட்டது. சூப்பர்வைசர் முக்குளிக்கிறவர்களைக் கூப்பிட்டு, இனிமேல் ஆளும் தெரியக்கூடாது, குமிழியும் தெரியக்கூடாது என்றார். மூச்சு விடாமல் எப்படிங்க என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். சூப்பர்வைசரும் சிரித்தார். அதோடு கூட்டம் கலைந்தது. கேள்வி கேட்டவரே அடுத்த முறை ஒரு விருந்தாளியின் கண்ணில் பட்டு வேலையை இழந்தார்.

தூண்காரரின் மனைவிக்கு அதே பாலத்தில் அறை சுத்தம் செய்யும் வேலை. விருந்தாளிகள் சாப்பிடக் கிளம்பியதும் குளியலறை மிதியடியை வெளிக் கம்பியில் போடுவாள். கீழே போகலாம் என்று அர்த்தம். ஆனால் மறந்த கறுப்புக் கண்ணாடிக்கும் தொப்பிக்கும் திரும்பி வருகிறவர்கள் உண்டு. அதற்காகத் தூண்காரர் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். கண்ணாடிக்கு நேர் கீழே வரும்போது மூச்சை நிறைத்து அடக்கி, ஆழம் மாறாமல், படுத்தவாக்கில் கடந்துவிடுவார். மேலே மட்டும் போகக்கூடாது. அடியில் இழுத்த காற்று மேலே வர வர நெஞ்சுக்குள் விரியும். வெளியே விடாவிட்டால் நுரையீரல் கிழியும். குழாய் கவ்வுகிற எவருக்கும் முதல் நாளே சொல்லித்தருகிற பாடம் இது.

“வீட்ல ஊரே கேக்கற மாதிரி குறட்டை விடறது. அங்க போனா மூச்சுகூட விடறதில்ல” என்று மனைவி கிண்டல் செய்வாள்.

அன்று மிதியடி கம்பியில் இருந்தது. தூணடியில் அவர் மூச்சை நிறைத்த நேரம், தலைக்கு மேல் வெளிச்சம் மறைந்தது. திரும்பி வந்த விருந்தாளி கண்ணாடியில் குப்புறப் படுத்துவிட்டார். படுத்தவாக்கில் போகிற வழி முழுவதும் அவர் பார்வையில் இருந்தது. தூண்களை இணைக்கும் குறுக்குச் சட்டத்துக்குப் பின்னால் மட்டும் இருட்டு. அது மேலே இருந்தது. தூண்காரர் மூச்சை அடக்கிக்கொண்டே தூணோடு தூணாக அங்கே ஏறினார்.

நெஞ்சுக்குள் ஏதோ நூல் அறுந்தாற்போல் இருந்ததாம். படகுக்கு வந்து, பார்க்கவில்லை, பிழைத்தோம் என்று படகுக்காரரிடம் சிரித்தார். குவளையை வாங்கக் கை நீட்டினார். இடது கை வரவில்லை. பிறகு காலும் வரவில்லை.

நுரையீரல் கிழிந்து காற்று ரத்தத்தில் கலந்து மூளைக்கு ஏறிவிட்டது, நகரத்துப் பெரிய மருத்துவமனையில் தொடர்ந்து வைத்தியம் பார்த்தால் ஓரளவு நடக்கலாம் என்றார்கள். அந்தச் செலவு விடுதியைச் சேர்ந்ததா, இல்லையா என்று விசாரணை வைத்தார்கள். போகும் வழியில் மனைவி கெஞ்சினாள்.

“அடக்கச் சொன்னாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அவங்க சொன்னதுக்கு வேற என்ன அர்த்தம்?”

குளிரூட்டிய அறையில் மேலாளர் அந்தக் கேள்வியைத்தான் கேட்டார். மூச்சை அடக்கச் சொல்லி யாராவது சொன்னார்களா?

தூண்காரர் கொஞ்சம் யோசித்தார். “இல்லைங்க. குமிழி தெரியக்கூடாதுன்னுதான் சொன்னாங்க.”

முதல் வார்த்தையே அவர்களுக்குப் போதுமாக இருந்தது. பாதுகாப்பு விதி தெரிந்திருந்தும் மீறியவர், தவறு அவருடையது என்று முடிந்தது. மனைவி அவரை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். அவரைக் கட்டிலில் கிடத்திவிட்டு, “ஏங்க அப்படி?” என்று மட்டும் கேட்டாள்.

“சொல்லலையே” என்றார். வாயின் ஒரு பக்கம் கோணியிருந்ததால் அது சரியாகக் கேட்கவில்லை. அவளுக்குப் புரிந்தது.

காலியான வேலைக்கு அவருடைய சகலையே சேர்ந்தார். மனைவியின் அக்கா வீட்டுக்காரர், பாலத்துப் பலகைகளைச் சரிபார்க்கும் தச்சர். மேலே வெயிலில் காய்வதைவிடக் கீழே நனையலாம் என்று சொல்லிக்கொண்டு ஒரு பை பழத்தோடு பார்க்க வந்தார். வந்த காரியத்தைப் பழம் உரித்துக்கொண்டே சொன்னார்.

“சூப்பர்வைசர் உங்களக் கேட்டுக்கச் சொன்னாரு, சகலை. குமிழி வராம எப்படிப் போறதுன்னு.”

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

“அப்படி ஒரு வழி கிடையாது. மூச்ச விட்டுக்கிட்டே போங்க. பாத்தா பாக்கட்டும்.”

“பாத்தா வீட்டுக்கு அனுப்பிருவாங்க.”

“வீட்டுக்குத்தானே? நடந்து வருவீங்க.”

சகலை உரித்த பழத்தைப் பாதியாக்கி ஒரு பாதியை அவர் வாயில் வைத்தார். சரி என்றார்.

அன்றிலிருந்து மனைவி வேலை முடிந்து வந்ததும் தூண்காரர் கேட்கிற கேள்வி ஒன்றுதான். குமிழி வருதா? இன்னும் இறங்கவில்லை, கருவியைப் பழுது பார்க்கிறார்கள் என்று அவள் சில நாள் சொன்னாள். அது உண்மைதான்.

சகலை இறங்கிய அன்று அவள் கடைசி வில்லாவில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். விருந்தாளிகள் வெளியே போயிருந்தார்கள். கீழே வெளிச்சத்துக்குள் முதலில் குழாய் வந்தது, பிறகு முதுகு. கை கால் அசையாமல் மிதந்து போனார். மேலே ஒரு குமிழியும் வரவில்லை. மீன்கள்கூடக் கலையவில்லை.

அவள் துடைப்பக் கட்டையால் கண்ணாடியைத் தட்டினாள். நிமிர்ந்து பார்ப்பார், நான்தான் என்று தெரிந்தால் மூச்சு விடுவார் என்று நினைத்தாள். சகலை நிமிரவில்லை. மேலே விருந்தாளி இருக்கிறார் என்று எண்ணிவிட்டார் போல. தூணைப் பிடித்து இன்னும் வேகமாக இருட்டுக்குள் போனார்.

அவள் வெளித் திண்ணைக்கு ஓடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெடுநேரம் கழித்துப் படகருகே தலை தெரிந்தது.

“மாமா, கை ரெண்டையும் தூக்குங்க.”

சகலை சிரித்துக்கொண்டே தூக்கினார். இரண்டும் எழுந்தன. மூச்சு விட்டுப் போங்க என்று அவள் வற்புறுத்தவும் இல்லை, போவதாக அவர் சொல்லவும் இல்லை. அக்கா வீட்டிலும் மூன்று வேளை உலை வைக்க வேண்டும் என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். மறுநாளும் அப்படியே இறங்கினார்.

மாலையில் வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, கட்டிலருகே உட்கார்ந்தாள். தூண்காரர் தலையைத் திருப்பினார்.

“குமிழி வருதா?”

“வருது.”

“நிறையவா?”

“நிறைய வருது. மீனெல்லாம் கலைஞ்சு ஓடுது.”

அவர் கோணிய வாயோடு சிரித்தார். சோறு போடச் சொன்னார். வெகுநாளைக்குப் பிறகு இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.