என் காரின் மூன்று லட்சம் கிலோமீட்டர்

ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்கள் தாமான் குடியிருப்பில் வீடு தவறாமல் கார் கழுவுவார்கள். பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். மேலே பளபளவென்று இருக்கும்; உள்ளே என்ஜின் எண்ணெய் தார் மாதிரி கறுத்துக் கிடக்கும். கூலாயில் இருக்கும் வீட்டிலிருந்து செனாயில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலைக்கு ஓட்டிய கார் சாயம் வெளுத்து அசிங்கமாகத்தான் இருந்தது. ஆனால் எண்ணெய் மாற்ற ஒருமுறைகூட நாள் கடத்தியதில்லை. ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர் ஊற்ற வந்த என் தம்பியின் கையை, உள்ளே துருப்பிடிக்கும் என்று தட்டிவிட்டிருக்கிறேன். கியர் எண்ணெய், டைமிங் பெல்ட் எல்லாம் கெடு வருமுன்பே மாற்றிவிடுவேன். அப்படித்தான் அது நான்கு லட்சம் கிலோமீட்டரை நெருங்கியது. மீட்டரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கர்வமாக இருக்கும்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகள், புதுக் கார் எடுத்தே ஆகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். பழையதை ஸ்கூடாயில் ஒரு கார் வியாபாரியிடம் கொடுத்தேன்.

"நாலு லட்சம் வந்ததும் டைமிங் பெல்ட் மாத்தணும். வாங்கறவங்ககிட்ட மறக்காம சொல்லிடுங்க."

"சொல்லிடறேன் அக்கா, கவலப்படாதீங்க லா."

சில மாதங்கள் கழித்துத் தொழிற்சாலையின் கார் நிறுத்துமிடத்தில் அதே நம்பர் பிளேட்டைப் பார்த்தேன். புதுச் சாயம் அடித்திருந்தார்கள். எங்கள் ஸ்டோரில் வேலை செய்யும் பெண் அதை வாங்கியிருந்தாள். தினமும் தன் இரண்டு பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து ஏற்றிப் போகிறவள்.

"லோ மைலேஜ் கா, பாருங்க" என்று பெருமையாக மீட்டரைக் காட்டினாள். எண்பதாயிரத்துச் சொச்சம். கண்ணாடியின் மூலையில் ஒர்க்‌ஷாப் கிலோமீட்டர் எழுதி ஒட்டிய சர்வீஸ் ஸ்டிக்கரையும் சுரண்டி எடுத்திருந்தார்கள். பிசின் மட்டும் மிச்சம்.

நான் பார்த்துப் பார்த்து ஓட்டிய மூன்று லட்சம் கிலோமீட்டரை எச்சில் தொட்டு அழிப்பதுபோல அழித்திருக்கிறான் அந்த வியாபாரி, வெட்கங்கெட்டவன். என் கர்வம் கிடக்கட்டும். இந்த மீட்டரை நம்பினால் பெல்ட்டுக்கு இன்னும் காலம் இருக்கிறது என்றுதானே இவள் நினைப்பாள்? நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே அது அறுந்தால் என்ஜின் அந்த இடத்திலேயே நின்றுவிடும். பின் சீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள்.

எல்லாவற்றையும் சொன்னேன். இது என் கார் என்றேன். உண்மைக் கணக்கைச் சொல்லி, இன்றைக்கே போய் பெல்ட்டை மாற்று என்றேன்.

அவள் முகம் வெளுத்துப்போனது. வியாபாரியைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"அக்கா, மெதுவா பேசுங்க லா. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. இத இந்த மீட்டரோட இப்படியே வித்துடறேன்."

"பெல்ட்?"

"விக்கப் போற காருக்கு எதுக்கு கா செலவு? வாங்கறவங்க மாத்திக்கட்டும்."

சீ என்று ஆகிவிட்டது எனக்கு. வாங்குகிறவர்களுக்கு யார் சொல்வது என்று கேட்டேன். அவள் பள்ளி விடும் நேரமாகிவிட்டது என்று சொல்லி, அதே காரைக் கிளப்பிக்கொண்டு நெடுஞ்சாலைப் பக்கம் போனாள்.