சேங்லாவின் நாக்கும் என் வீட்டு வாழையும்

சேங்லா யாரோடும் ஓடிப்போகவில்லை. இதை முதலில் எழுது, அழுத்தி எழுது. மற்றதெல்லாம் பிறகு.

வாழைப்பழம் சுட்டு விற்கிற துவாங்தா, சந்தையில் நின்று நாலு பேர் கேட்கச் சொல்கிறாள்: "பெரியம்மா, உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. மூணு மாசமா மத்தியானம் ஆனா தொப்பியப் போட்டுக்கிட்டு கிளம்பிட்டா. சிவப்பு வண்டி ஓட்டுற எவனோ ஒருத்தன் இருக்கான்."

"வண்டிக்காரன் இருந்தா வண்டியில போயிருப்பாளேடி. எதுக்கு நடந்து போனா?"

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். துவாங்தா விடுவதாக இல்லை. "அதைத்தான் நானும் கேக்குறேன். காட்டையும் வயலையும் எரிக்கிற இந்தப் புகை மாசத்துல, இந்த வெயில்ல, புத்தியுள்ள பொம்பள எவளாவது நடப்பாளா?"

அவள் கேட்டதும் நியாயம்தான். சியாங் மாயில் நாங்கள் எதிர்க்கடையில் முட்டை வாங்கவும் ஸ்கூட்டரைத்தான் எடுப்போம். நடப்பது பிக்குகளும் வெள்ளைக்காரர்களும் செய்கிற வேலை. சேங்லா ஏன் நடந்தாள் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். சொன்னால் என் குட்டும் உடையும். உடையட்டும். அவள் போய் இன்னும் ஒரு வாரம்கூட ஆகவில்லை.

சேங்லா, எங்கள் பன்னிரண்டு விலங்கு வருஷக் கணக்கில், நாய் வருஷத்தில் பிறந்தவள். பழைய கோட்டையின் வெள்ளை யானை வாசலுக்கு வெளியே, எங்கள் சந்தின் முகப்பில், இருபத்தேழு வருஷம் ஒரே பானையோடு நின்றாள். விற்றது 'நாம் ஙியாவ்'. பன்றி எலும்பும் தக்காளியும் ரத்தக்கட்டியும் காய்ந்த இலவம்பூவும் போட்டுக் கொதிக்கவிட்ட குழம்பு, அதை அரிசி நூடுல்ஸ் மேல் ஊற்றித் தருவாள். காலை பதினோரு மணிக்குப் பானை காலி. அவள் வேறு எவர் கடையிலும் வாய் வைத்ததில்லை. "அடுத்தவ சட்டி ருசி நாக்குல ஏறினா என் சட்டி ருசி இறங்கிடும் அக்கா" என்பாள். அத்தனை கர்வம். அந்தக் குழம்புக்கு அந்தக் கர்வம் தகும்.

பிறகு அந்தக் காய்ச்சல் வந்தது. எல்லோருக்கும் வந்ததுதான். அவளுக்குப் போகும்போது நாக்கையும் மூக்கையும் எடுத்துக்கொண்டு போனது.

எனக்குத் தெரிந்த விதம் இது. ஒரு காலை என் சமையல்கட்டுக்கு வந்தாள். கையில் இடுக்கி, இடுக்கியில் நெருப்பில் வாட்டிய சோயா அடை. புளிக்கவைத்துக் காயவைத்த அடை, அதை வாட்டினால் மூன்று தெருவுக்கு நாறும். அவள் கையில் இருந்தது கரியாகிப் புகைந்துகொண்டிருந்தது. அதை மூக்கோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அக்கா, இது கருகுதா?"

நான் இடுக்கியைப் பிடுங்கி அடையைத் தண்ணீரில் போட்டேன்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க அக்கா. நாக்கு செத்தவ கையால எவன் சாப்பிடுவான்? தினம் காலையில ஒரு கிண்ணம் கொண்டு வர்றேன். உப்பு சரியான்னு மட்டும் சொல்லுங்க. நீங்கதான் என் நாக்கு."

கொண்டுவந்தாள், தினமும். முதல் நாளே கடல் தண்ணீர் மாதிரி கரித்தது. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். இதை எழுதுகிற நீயே சொல்லு பார்ப்போம், உன்னால் முடியுமா? எங்கள் ஊரில் ஒருத்தி சமைத்துக் கையில் கொடுத்ததை, முகத்துக்கு நேரே, நன்றாக இல்லை என்று சொன்னவர்கள் கிடையாது. நானும் சிரித்தேன். "சரியா இருக்குடி. அதே ருசி." அவள் தலை மறைந்ததும் கிண்ணத்தைப் பின்பக்கம் வாழையடியில் கொட்டினேன். அன்றைக்கு அது எனக்கு இரக்கமாகத்தான் பட்டது.

சந்து முழுக்க அதே கதை. சிரித்த முகத்தோடு பையில் வாங்கிப்போய் நாய்க்கு வைத்தார்கள். நாய் மோந்து பார்த்துவிட்டு நகர்ந்தது. அலுவலகக்காரர்கள் வருவது குறைந்தபோது, "புகை மாசம்ல, அதான்" என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மருந்தில் குணம் தெரியாமல் எங்கள் கோயில் பெரிய பிக்குவிடம் போனாள். அவருக்கு வாயில் ஒரு பல் கிடையாது. எல்லாம் கேட்டுவிட்டு ஒரே சொல் சொன்னாராம்: "காவ்." எங்கள் பேச்சில் ஒன்பது என்றாலும் காவ், காலை எடுத்து வை என்றாலும் காவ். ஒன்றைக் கொஞ்சம் இழுப்போம், அவ்வளவுதான் வித்தியாசம். பல் இல்லாத வாயில் இழுத்தது எது, இழுக்காதது எது? ஒன்பது கோயில் சுற்றினால் நல்லது என்பது ஊர் அறிந்த விஷயம். அவள் ஒன்பது என்றே எடுத்துக்கொண்டாள். ஒரு கோயிலுக்கு ஒன்பது மத்தியானம், அதுவும் நடந்தே வருவதாக நேர்ந்துகொண்டாள்.

இதுதான் துவாங்தா கண்ட கள்ளக்காதல்.

அகழியை ஒட்டி நடப்பாள். வாட் செதி லுவாங் கோயிலின் தலை உடைந்த கோபுரத்தடியில் உட்கார்ந்திருப்பாள். கோயிலை விட்டு வெளியே வந்ததும் எந்தத் தள்ளுவண்டி கண்ணில் படுகிறதோ அதில் ஒரு வாய் தின்று பார்ப்பாள். பெரிய சந்தையில் சுட்ட மிளகாய்த் துவையலும் குடலில் மூலிகையோடு அடைத்துச் சுட்ட பன்றிக்கறியும் நீட்டினார்கள். இவள் ஒவ்வொன்றாய் வாயில் போட்டு, கண்ணை மூடி நிற்பதைப் பார்த்து, தொழில் திருட வந்தவள் என்று கிசுகிசுத்தார்களாம்.

சாயங்காலம் வந்து என்னிடம் சொல்வாள். "மிளகாய் சுடுது அக்கா. வெறும் சூடுதான், அதுல மிளகாய் இல்ல. மாம்பழமும் மெழுகுவத்தியும் எனக்கு ஒண்ணுதான்." சொல்லிவிட்டு அவளே சிரிப்பாள். "ஆனா ஊரு எவ்வளவு பெருசு அக்கா! இருபத்தேழு வருஷமா நான் ஒரு பானைக்குள்ளயே பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்."

ஒன்பதாவது கோயில் பிங் ஆற்றுக்கு அந்தப் பக்கம், நாய் வருஷக்காரர்களுக்கு உரியது. கடைசி மத்தியானம், அதன் மதிலோரம், நாங் ஹோம் என்ற மலைநாட்டுக்காரி இதே நாம் ஙியாவ் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தாள். ஒரு கரண்டி வாங்கிக் குடித்துவிட்டு சேங்லா வழக்கம்போல, "ரொம்ப நல்லாருக்கும்மா" என்றாள்.

நாங் ஹோம் கரண்டியைக் கீழே போட்டுச் சிரித்தாளாம். "நல்லாருக்கா? அதுல நான் இன்னும் உப்பே போடல! எதுக்கு அக்கா பொய் சொல்றீங்க? நாக்கு இல்லையா?"

அப்படி ஒருத்தி தன் முகத்துக்கு நேரே கேட்டது வாழ்க்கையில் அதுவே முதல் தடவை என்றாள் சேங்லா. நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். நாங் ஹோம் ஊறப்போட்ட கடுகுக்கீரையை ஒரு பிடி எடுத்து அவள் வாயில் திணித்தாள். "இது?"

நாக்கின் ஓரத்தில், ஊசி குத்தின மாதிரி, புளிப்பு.

மறுநாள் விடிந்து நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். கால் மணி நேரத்துக்கு முன்தான் கிண்ணம் கொடுத்துப் போயிருந்தாள், முகமெல்லாம் சிரிப்பாக. திரும்ப ஓடிவந்தாள், கையில் குழம்புக் கரண்டி. வாயைத் துடைத்துத் துடைத்து உதடு சிவந்திருந்தது.

"அக்கா, நாக்கு வந்துடுச்சு. என் குழம்ப நானே குடிச்சேன். துப்பிட்டேன். இன்னைக்கு மட்டும்தான் இப்படியா?"

அதற்குள் அவள் கண் பின்கதவு வழியே போனது. கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது. வாழையடி மண் ஒரு முழத்துக்குச் சிவந்து, எண்ணெய் காய்ந்து தோல் மாதிரி படிந்திருந்தது. ஒரு நாளில் அப்படிச் சிவக்காது. வாழை அடியிலிருந்து நுனிவரை கருகி நின்றது. அத்தனை நாள் அந்த மரத்தை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் கண்டேன்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். காய்ந்த இலை ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள், அது அவள் கையோடு வந்தது.

"அஞ்சு மாசம் அக்கா."

"உன் மனசு நோகக்கூடாதுன்னுதான்டி..."

"உப்பு சரியா அக்கா?" என்றாள், தினமும் கேட்கிற அதே குரலில்.

"இல்லடி. கரிச்சுது. முதல் நாள்லேருந்தே கரிச்சுது."

"ம்" என்றாள். கரண்டியைத் துணியில் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். முதுகில் தொங்கிய தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தாள். அவள் ஸ்கூட்டர் சந்து முகப்பில் நின்றது, இன்னமும் அங்கேதான் நிற்கிறது. துவாங்தா அதையும் பார்க்கட்டும்.

"எங்கடி போற?"

"நான் பொய் சொல்றேன்னு மூஞ்சிக்கு நேரா சொன்னவ ஒருத்தி இருக்காளே, அவகிட்ட. அவ கடையில கிண்ணம் கழுவுறேன். கரிச்சா கரிக்குதுன்னு சொல்லுவா."

"ஒன்பதும் முடிஞ்சுதே, இன்னும் என்னடி நடை?"

வாசலில் நின்று திரும்பினாள். "பெரிய பிக்கு ஒன்பதுன்னா அக்கா சொன்னார்?"

சொல்லிவிட்டு, நிலைப்படியை மிதிக்காமல் தாண்டி, காலை எடுத்து வெளியே வைத்தாள்.