தாத்தாவின் கூடாரத்தில் சாப்பிட்டவர்கள்

கூடாரம், நாற்காலி வாடகைக்கு விடும் தொழிலில் இருப்பவர்களுக்கு, ஊரில் எந்த வீட்டில் கல்யாணம், எந்த வீட்டில் சாவு என்பதெல்லாம் சொந்தக்காரர்களுக்கு முன்பே தெரிந்துவிடும். மற்றபடி இதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. பொருளை வாடகைக்குக் கொடுத்துவிட்டு, அது முழுசாகத் திரும்பி வருமா என்று வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் என் இனத்தாரே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நாற்காலி குறையும், கயிறு காணாமல் போகும், மேசை விரிப்பில் கோழிக்கறி கொட்டியிருக்கும். கேட்டால், வரும்போதே அப்படித்தான் இருந்தது என்பார்கள்.

மலேசியாவின் கோலா சிலாங்கூரில் எங்கள் தொழிலை ஆரம்பித்தவர் என் தாத்தா மாரிமுத்து. கூடாரம் மாரிமுத்து என்று சொன்னால்தான் ஆட்களுக்குத் தெரியும். அவருக்கு முட்டி வலி வந்த பிறகு லோரி, வேலையாட்கள், போன் எல்லாம் என் தலையில் விழுந்தன. நான் பேத்தி, வேலைக்காரி. தொழிலுக்குப் பெயர் மட்டும் அவருடையது. போன மாதம் தாத்தா போய்விட்டார். அவர் போன அதே வாரத்தில் ஒரு கல்யாண வீட்டுக்கு எங்கள் கூடாரம் போக வேண்டியிருந்தது. சாவு விழுந்த வீட்டுக் கூடாரத்தை எந்தக் கல்யாணக்காரர் எடுப்பார்? அவர் தொழிலும் அவரோடு போய்விடுமோ என்று நான் நடுங்கிய அந்த வாரத்துக்கு வருவதற்கு முன்னால், அவர் எப்படிப்பட்ட ஆள் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் ஓயாத விருந்து

எங்களிடம் சாவுக்கும் கல்யாணத்துக்கும் ஒரே கூடாரங்கள்தான். சாவுக்குத் தனி செட் வாங்கி வையுங்களேன் என்று பல பேர் சொல்லிப் பார்த்தார்கள். அப்படி வைத்தால் கொஞ்ச நாளில் கிழிந்தது, கறை பட்டதெல்லாம் சாவு வீட்டுக்குத்தான் போகும், செத்தவன் என்ன பாவம் செய்தான் என்று தாத்தா ஒத்துக்கொள்ளவே இல்லை.

அதற்குப் பதிலாக ஒரு வழக்கம் வைத்திருந்தார். சாவு வீட்டிலிருந்து கழற்றிய கூடாரம் ஸ்டோருக்குப் போகாது. நேராக எங்கள் வாசலுக்கு வரும். அங்கே அதைப் போட்டு, மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவி, காய்ந்ததும் கீழே பாய் விரித்துக் குடும்பம் மொத்தமும் வாழையிலையில் சோறு சாப்பிட வேண்டும். தீட்டு என்று ஒன்று இருந்தால் அது முதலில் நம் வீட்டில் இறங்கட்டும், அப்புறம் கூடாரம் அடுத்த வீட்டுக்குப் போகட்டும் என்பார். அம்மாவுக்கு உள்ளுக்குள் பயம்தான். என்னத்துக்கு இந்த வேண்டாத வேலை என்று அப்பாவும் முணுமுணுப்பார். தாத்தா காதிலேயே வாங்க மாட்டார். முதல் பிடிச் சோற்றை அவர்தான் வாயில் வைப்பார்.

சின்ன வயதில் எனக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. எல்லார் வீட்டிலும் அடிக்கடி கூடாரம் போட்டுத்தான் சாப்பிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூட பஸ் எங்கள் வீட்டைத் தாண்டும்போது பக்கத்தில் உட்காரும் சாந்தி எட்டிப் பார்ப்பாள். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டாள்: "உங்க வீட்டுல எப்பப் பார்த்தாலும் யாருக்குடி கல்யாணம்?"

தூணோடு வந்த மனிதர்

பாசிர் பெனம்பாங்கில் மீன் வியாபாரம் செய்யும் ஒரு சீன முதலாளி, எங்கள் பேச்சில் தவுக்கே, அவருடைய அம்மா இறந்துபோனார். வீட்டு முன்னால் ஆற்றைப் பார்த்த மாதிரி கூடாரம் போட்டோம். சாயங்காலம் ஊதுபத்தி ஏற்றி அவர்கள் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போது, ஆற்றுப் பக்கமிருந்து காற்றும் மழையும் சேர்ந்து வந்தன. தூணில் கட்டியிருந்த மணல் மூட்டையே தரையில் இழுபட்டது. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வீட்டுக்குள் ஓடினார்கள். நானும்தான் ஓடினேன், பொய் சொல்வானேன்.

திரும்பிப் பார்த்தால் தாத்தா அங்கேயே இருக்கிறார். ஒரு நாற்காலியைத் தூணோடு ஒட்டிப் போட்டு உட்கார்ந்து, தூணை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருக்கிறார். முட்டி வலிக்காரர், குளிக்கப் போகவே கை கொடுக்க வேண்டும். விட்டுட்டு வாங்க தாத்தா என்று கத்தினேன். பெட்டி நனைந்துவிடும் என்று சவப்பெட்டிப் பக்கம் தலையை மட்டும் ஆட்டிக் காட்டினார். எங்கள் ஆட்கள் ஓடிப்போய் மற்றத் தூண்களைப் பிடித்தார்கள். மழை விடும் வரை அவர் கையை எடுக்கவில்லை. அந்த அம்மாவின் பெட்டிமேல் ஒரு சொட்டுகூட விழவில்லை. அந்தக் கையில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ, இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

தவுக்கே ஒரு துண்டைக் கொண்டுவந்து தாத்தாவின் தலையை அவரே துவட்டிவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பி மலாயும் தமிழும் கலந்து சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: "நான் கூடாரம்தான் கேட்டேன். தூணோட இந்த ஆளும் சேர்ந்து வருவார்னு நீ சொல்லவே இல்லையே லா."

சிவப்பு நாற்காலி

எங்கள் நாற்காலிகள் சிவப்பு. முதுகில் வெள்ளைப் பெயிண்டில் 'மா' என்று எழுதியிருக்கும். அவற்றை நான் மருந்துக் கடையில் பார்த்திருக்கிறேன், மீன்பிடிக் குளத்தில் பார்த்திருக்கிறேன், ஓர் அரசியல் கூட்டத்தின் மேடையிலும் பார்த்திருக்கிறேன். ஒருமுறை லோரிக்கு டயர் மாற்ற தஞ்சோங் காராங் சாலையில் ஒரு பட்டறைக்குப் போனோம். பட்டறைக்காரர் தாத்தாவை மரியாதையாக உட்காரச் சொல்லி எடுத்துப் போட்டது எங்கள் நாற்காலியை. முதுகில் 'மா' பளிச்சென்று தெரிகிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. தாத்தாவோ நிம்மதியாக உட்கார்ந்து, கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து, வேலை முடிந்ததும் எழுந்து, நாற்காலியின் முதுகைத் தடவிக் கொடுத்துவிட்டு லோரியில் ஏறிவிட்டார். பட்டறைக்காரருக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. ஓடிவந்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஐயா, ரொம்ப நாளா இங்கேயே இருக்கு, எங்களோடதுன்னே நெனச்சிட்டோம்."

செல்லம்மா அக்காவின் சோதனை

செல்லம்மா அக்கா புக்கிட் ரோத்தான் பக்கம் ஒரு தோட்டத்தில் குடியிருப்பவர். கணவர் லோரி ஓட்டுகிறார், இரண்டும் பெண் பிள்ளைகள். மூத்தவள் கல்யாணத்துக்குக் கூடாரம் பேசியிருந்தார். கல்யாணத்துக்கு முதல்நாள் திடீரென்று எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். யாரோ காதில் ஓதிவிட்டிருக்கிறார்கள். இந்தக் கூடாரம் எங்கேயிருந்து வருகிறது என்று கேட்டார்.

எங்கேயாவது காதுகுத்திலிருந்து வருகிறது என்று சொல்லிவிடுங்கள் என்று தாத்தாவுக்குக் கண்ணைக் காட்டினேன். அவரா சொல்வார்? சாவு வீட்டிலிருந்து வந்தது, இன்றைக்கு என் வீட்டில் நிற்கிறது, நாளைக்கு உங்கள் வீட்டுக்கு வரும் என்று உள்ளதை உள்ளபடி சொன்னார். கல்யாணம் கையைவிட்டுப் போனது என்று நான் முடிவே கட்டிவிட்டேன். அக்கா வாசலைவிட்டு அசையவில்லை. கூடாரத்தைப் பார்க்கிறார், கீழே இலை போட்டு உட்கார்ந்திருக்கும் எங்களைப் பார்க்கிறார். இது என்ன விருந்து என்று கேட்டார். தாத்தா அந்த வழக்கத்தைச் சொன்னார். சொல்லிக்கொண்டே பாயில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

அக்கா செருப்பைக் கழற்றினார். வந்து பாயில் உட்கார்ந்தார். அம்மா இலை போட்டார். அக்கா ரசம் வரைக்கும் சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டுச் சொன்னார்: "கத்திரிக்காய்ல உப்பு பத்தல. கூடாரத்துல ஒரு கொறையும் இல்ல."

தாத்தாவுக்குப் போட்ட கூடாரம்

தாத்தா மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தார், எழுந்திருக்கவில்லை. எங்கள் லோரி டிரைவர் ராஜு அண்ணன் ஸ்டோரில் இருப்பதிலேயே பெரிய கூடாரத்தை எடுத்துவந்து வாசலில் போட்டார். பாசிர் பெனம்பாங் தவுக்கே வந்து ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பட்டறைக்காரர் சிவப்பு நாற்காலியோடு வந்து, அதை வரிசையில் போட்டு, அதிலேயே உட்கார்ந்துகொண்டார். தஞ்சோங் காராங்கிலிருந்து, அவரிடம் கூடாரம் எடுத்த மலாய்க்காரர்கள் வேனில் வந்தார்கள். இத்தனை பேருக்கும் இவர் வேண்டியவரா என்று நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டே நினைத்தேன்.

தகனம் முடிந்த மறுநாளே போன் வர ஆரம்பித்தது. இரண்டு கல்யாண வீடுகள் மரியாதையாக விலகிக்கொண்டன. அவர்கள்மேல் தப்புச் சொல்ல முடியாது. ஊர்த் தீட்டையெல்லாம் இறக்கி வைத்த வீடே இப்போது தீட்டு வீடு. பதினாறு முடியும்வரை நாங்கள் எத்தனை இலை போட்டுச் சாப்பிட்டாலும் எங்கள் கூடாரம் சுத்தமாகாது. அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணம் செல்லம்மா அக்காவின் சின்ன மகளுக்கு. அவருக்குப் பேசியிருந்தது அந்தப் பெரிய கூடாரம். தாத்தாவைக் கிடத்தியிருந்த அதே கூடாரம். நானே போன் போட்டேன். வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் அக்கா, கிள்ளானில் ஒருவர் இருக்கிறார், நம்பர் தருகிறேன் என்றேன். அவர் சட்டென்று போனை வைத்துவிட்டார். அவரே விட்டுவிட்டால் இனி யாரும் எடுக்க மாட்டார்கள் என்று முடிவு செய்துவிட்டேன். காலம் முழுக்க ஊருக்கு நிழல் கொடுத்த மனிதர் கடைசியில் ஒரு தீட்டாகப் போய்விட்டாரே என்று அன்றைக்குத்தான் உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் காலையில் செல்லம்மா அக்கா கணவரோடு வந்து இறங்கினார். கூடாரம் வாசலில் அப்படியே நின்றது, கழற்ற யாருக்கும் மனசு வரவில்லை. துக்கம் கேட்டுவிட்டு, கல்யாணத்துக்கு வேறு ஆள் பார்த்தாச்சு என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் ராஜு அண்ணனைக் கூப்பிட்டு, இதைக் கழற்றி லோரியில் ஏற்றுங்கள் என்றார். இன்றைக்கே அவர் வீட்டு வாசலில் போட வேண்டுமாம். உலையில் அரிசி போட்டாச்சாம். வீட்டு ஆட்கள் எல்லாரும், கல்யாணப் பெண் உட்பட, அதன் கீழே உட்கார்ந்து சாப்பிடப் போகிறார்களாம்.  இருங்கள், மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவியாவது தருகிறேன் என்று ராஜு அண்ணன் குழாய்ப் பக்கம் போனார். அக்கா அவரைத் தடுத்து நிறுத்தி, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"கழுவ வேணாம்மா, அப்படியே அனுப்பு. இத்தனை வருஷமா ஊருத் தீட்டையெல்லாம் உங்க தாத்தா உங்க வீட்டுல எறக்கிக்கிட்டாரு. அவரோடத எங்க வீட்டுல எறக்கிக்கிறோம்."

கல்யாணம் அந்தக் கூடாரத்தின் கீழேயே நல்லபடியாக நடந்து, அதைப் பார்த்து விலகிப்போன இரண்டு வீடுகளும் திரும்பி வந்து, தாத்தாவின் தொழிலும் பிழைத்துக்கொண்டது. நாற்காலிகள் மட்டும், என் இனத்தாரே, அந்தப் புண்ணியவதியின் வீட்டிலிருந்தும் குறைந்துதான் வந்தன.