நண்பகல் இடைவேளையில் கிரேக்கப் பாடம்

ஷார்ஜாவில் சாரம் கட்டும் பொன்னுச்சாமிக்கு வயது ஐம்பத்து மூன்று. ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். பண்டைக் கிரேக்கத்தின் இருபத்து நான்கு எழுத்துகளையும் அவர் அறிந்தது மகள் நாகவள்ளியால்.

வள்ளி மதுரையில் தொல்லியல் முதுகலை படித்தாள். பழைய கடல் வணிகக் குறிப்புகளை மூலமொழியிலேயே படிக்க வேண்டுமென்பது அவளுடைய ஆசை. அவள் ஒப்புவிக்கும்போது தாளைப் பார்த்துச் சரிசொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஆகவே, சொற்களுக்கு அடியில் தமிழில் ஒலிப்பை எழுதி, விடுப்பு முடிந்து திரும்பிய ஒருவரிடம் பாடங்களைத் தந்தைக்குக் கொடுத்தனுப்பினாள். வெயிலுக்காக வெளிவேலை நிறுத்தப்படும் கோடை நண்பகல்களில் அவர் தொலைபேசியில் கேட்பார், அவள் சொல்வாள். சென்ற கோடையில் பெயர்ச்சொற்கள் முடிந்தன. இந்தக் கோடையில் பெயரடைகள்.

"அறிவுள்ள?"

"சொஃபொஸ். பெண்பாலுக்கு சொஃபே, அஃறிணைக்கு சொஃபொன்."

"அதைவிட அறிவுள்ள?"

"சொஃபோதெரொஸ். எல்லாத்தையும்விடன்னா சொஃபோததொஸ்."

பக்கத்தில் படுத்தபடி ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்த சக தொழிலாளி கார்மேகம் எழுந்து உட்கார்ந்தார். "நல்ல அப்பன், நல்ல ஆத்தா, நல்ல வீடுன்னு நமக்கு ஒரே 'நல்ல' போதும். அவய்ங்களுக்கு ஆளுக்கொண்ணா? வேல வெட்டி இல்லாத பயலுக போலண்ணே."

"நீ தூங்குடா," என்றார் பொன்னுச்சாமி. அந்த அரைமணி நேரத்தை அவர் எவருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. அதற்கு முன்பு மகளோடு அவர் அவ்வளவு நேரம் பேசியதே இல்லை.

ஆகஸ்ட் மாதத்தில், பொன்னுச்சாமியின் ஊரையே சேர்ந்த உமாபதி விடுப்பிலிருந்து திரும்பினார். கேம்ப் அறையில் ஊறுகாய்ப் பொட்டலத்தை நீட்டியபடியே, "இடுப்பு ஒடஞ்ச பானுமதியக்கா இப்ப வாக்கர் புடிச்சு நாலு எட்டு வைக்குதுண்ணே. வள்ளிதான் பாவம், படிப்ப விட்டுட்டு ஆறு மாசமாத் தூக்கி எறக்குது," என்றார். பொன்னுச்சாமியின் முகத்தைப் பார்த்த பின்புதான் அவர் நிறுத்தினார். "ஒங்களுக்குச் சொல்லலையாண்ணே?"

மனைவி பானுமதி காணொளி அழைப்புகளில் எப்போதும் நாற்காலியில் அமர்ந்தே முகம் காட்டியது பொன்னுச்சாமிக்கு அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் நண்பகலில் அவர் தாளை எடுக்கவில்லை.

"அம்மாவுக்கு இடுப்பு எப்படித் தாயி இருக்கு?"

"யாருப்பா சொன்னா?"

"உமாபதி."

"மாடிப்படியில விழுந்துருச்சுப்பா. நீங்க சாரத்து மேல நிக்கிறவுக, நெனப்பு வேற எங்கயும் போயிறக் கூடாதுன்னு அம்மாதான் சொல்ல வேணாம்னுச்சு."

"படிப்பு?"

"பரீட்சைக்குப் போக முடியல. விட்டுட்டேன்."

"அப்புறம் எதுக்குத் தெனம் எங்கிட்டப் பாடம் ஒப்பிச்ச?"

"நீங்க தாளை எடுத்து வச்சுக்கிட்டுக் காத்திருப்பீகளே."

மகளின் படிப்புக்காகவே தாம் உறக்கத்தை விட்டுக் கேட்டுவந்ததாக அவர் அதுவரை எண்ணியிருந்தார்.

"இன்னைக்கும் கேளுங்கப்பா. மறக்கல, எல்லாம் ஞாபகம் இருக்கு."

"வேணாம் தாயி. அம்மாகிட்டக் குடு."

பானுமதியின் குரல் வந்தது. தெளிவாகத்தான் இருந்தது.

"வலிக்குதா?"

"அதெல்லாம் எப்பவோ சரியாப் போச்சு. இந்தா, நடந்துக்கிட்டேதான் பேசுறேன்."

காலடிச் சத்தமோ வாக்கரின் சத்தமோ கேட்கிறதா என்று, தொலைபேசியைக் காதோடு அழுத்தி, அவர் நெடுநேரம் கவனித்துக்கொண்டிருந்தார்.