சாதிக் பாயின் விரல் வித்தை

எடமலைப்பட்டி புதூர் ஜெகபர் சாதிக்குக்குக் கம்ப்யூட்டர் சுத்தமாக வராது. அதைவிடச் சுத்தமாக வராதது, தனக்குக் கம்ப்யூட்டர் வராது என்று ஒத்துக்கொள்வது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டே ஒரு மனிதன் திருச்சியில் 'கம்ப்யூட்டர் பாய்' என்று பேர் வாங்க முடியும் என்பதை அவன் மனைவி தஸ்லிமா பத்து வருஷமாகப் பக்கத்திலிருந்து பார்த்து வந்தாள்.

குவைத்தில் இருந்த காலமெல்லாம் அவன் ஒரு குளிர்பானக் கிடங்கில் பெட்டி அடுக்கினான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உழைத்தான், வீட்டுக்குப் பணம் அனுப்பினான், தங்கச்சிக்குக் கல்யாணம் செய்து வைத்தான். அதோடு விட்டிருந்தால் நல்ல மனுஷன் என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். ஆனால் ஊருக்கு வந்து இறங்கியதும் கிடங்கு 'கம்பெனி' ஆகிவிட்டது. யார் கேட்டாலும், "சிஸ்டம் சைடு பாத்துக்கிட்டிருந்தேன்" என்பான். கிடங்கு ஆபீஸின் கண்ணாடிக்கு வெளியே நின்று, உள்ளே ஒரு மலையாளத்துப் பையன் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்ததுதான் அவனுடைய சிஸ்டம் சைடு.

தட்டத் தெரிந்தவள் தஸ்லிமா. கல்யாணத்துக்கு முன்னாலேயே டிடிபி கற்றுக்கொண்டு, ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து பத்திரிகை அடித்தவள். புதூர் வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் வந்ததிலிருந்து நிக்காஹ், காதுகுத்து, கடைத் திறப்பு, கண்ணீர் அஞ்சலி என்று எல்லாமே அவள் கையால்தான். எந்தச் சொந்தத்தின் பேர் எந்தச் சொந்தத்துக்கு மேலே வர வேண்டும், எந்தப் பேரை விட்டால் மண்டபத்தில் நாற்காலி பறக்கும் என்பது வரைக்கும் அவளுக்கு அத்துப்படி. ஆர்டர் பிடிப்பது சாதிக். வேலை முடிந்ததும் பத்திரிகையின் அடி மூலையில் பொடி எழுத்தில் 'டிசைன்: சாதிக்' என்று அவளே போட்டுக் கொடுப்பாள். முதல் தடவை போடும்போது சிரிப்பு வந்தது. பிறகு அதுவும் நின்றுபோனது.

இப்படி ஓடிக்கொண்டிருந்த குடும்பத்தில் போன வருஷம் ஒரு டேப்லெட் வந்து சேர்ந்தது. துபாயிலிருந்து வந்த கூட்டாளி கொடுத்தது. அதில் ஒரு ஆப்பைப் போட்டால், வீட்டுக் கம்ப்யூட்டரின் திரை அப்படியே அதற்குள் வந்துவிடும். எங்கே இருந்தாலும் விரலால் தொட்டு இயக்கலாம். ஆப்பைப் போட்டு, இரண்டையும் இணைத்துக் கொடுத்ததும் தஸ்லிமாதான். சாதிக் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சத்திரம் பேருந்து நிலையத்துப் பக்கம் டீக்கடைக்குப் போனான். போனவன் சும்மா இருந்தானா? புதூரில் அவள் ஒரு பெரியவரின் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸைச் செய்துகொண்டிருக்க, திரையில் மௌஸ் அம்பு தானாக ஓடியது. பக்கத்து ஃபைலில் இருந்த பிறந்தநாள் பலூன்களைத் தூக்கி வந்து பெரியவரின் தலைக்கு மேல் போட்டது. உடனே போனும் வந்தது.

"பயந்துட்டியா? நான்தான்! இங்கேருந்தே ஓட்டுறேன் பாரு!"

அவள் சரி செய்யச் செய்ய அவன் கலைத்ததில் நேரம் தப்பி, அந்த ஆர்டர் கையைவிட்டுப் போனது. இரண்டு வாரத்தில் இன்னும் மூன்று வேலைகளை அந்தக் கட்டை விரல் நாசம் செய்தது. ஆனால் டீக்கடையில் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தவர்களை விட்டுக்கொடுக்க அவனுக்கு மனசு வரவில்லை. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். தஸ்லிமாவுக்குப் போன் போட்டுவிட்டு, அதைக் கட் பண்ணாமல் சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். எதிரே இருக்கும் பார்ட்டி, "கலரைக் கொஞ்சம் மாத்துங்க பாய்" என்று சொன்னால் அது வீட்டில் கேட்கும். அவள் மாற்றுவாள். இவன் டேப்லெட் கண்ணாடியில் படாமல் விரலை இப்படியும் அப்படியும் ஆட்டுவான். வேலை கெடாமல் இருந்தால் போதும் என்று அவளும் சம்மதித்துத் தொலைத்தாள்.

சம்மதித்த பிறகுதான் தெரிந்தது, பார்ட்டி பேசுவது மட்டுமல்ல, புருஷன் பேசுவதும் காதில் விழும் என்று. "வீட்ல ஒருத்தரையும் அதைத் தொட விடறதில்ல. பொம்பளைங்களுக்கு இதெல்லாம் என்ன புரியும்?" என்று அவன் அளந்துவிடும்போது, அவள் மௌஸைப் பிடித்தபடி பார்ட்டி சொன்ன கலரைத்தான் மாற்றிக்கொண்டிருப்பாள். நாக்கு நுனி வரைக்கும் ஒரு வார்த்தை வரும். விழுங்கிவிடுவாள். அந்த ஆளின் மீது அவளுக்குக் கோபம்கூட இல்லை. கோபப்படுவதற்குக் கொஞ்சமாவது மரியாதை மிச்சம் இருக்க வேண்டும்.

ஸ்ரீரங்கத்தில் வடக்குச் சித்திரை வீதியை ஒட்டிய சந்தில் மார்ட்டின் என்பவர் பிரஸ் வைத்திருந்தார். அவர்களுடைய பத்திரிகைகள் பல அங்கேதான் அச்சாகும். அவருக்கு டிசைன் செய்ய ஆள் வேண்டும், மாதச் சம்பளம் என்று ஒரு நாள் சாதிக்கே வந்து சொன்னான். தஸ்லிமா அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றாள்.

"ஏங்க, நான் போறேன்."

"எங்க?"

"அந்த வேலைக்கு."

சாதிக் ஏதோ வேடிக்கையைக் கேட்டதுபோல் சிரித்தான். "நீ பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போய் வேலை பாக்கப் போறியா? வேலை என் பேர்ல இருக்கட்டும். நான் டேப்பை வச்சுக்கிட்டு அங்க உக்காந்துக்கறேன். நீ வீட்ல இருந்தபடியே செஞ்சிரு. ரெண்டு பேருக்கும் அலைச்சல் இல்ல பாரு."

அவளுக்கு அந்த வேலை வேண்டும். சம்பளத்துக்காக மட்டும் இல்லை. ஒரு நாற்காலி, எதிரே நாலு மனுஷர், இதைச் செய்தது இவள் என்று தெரிந்த முகங்கள். அது கிடைக்காமலே காலம் போய்விடுமோ என்று அவளுக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. ஆனால் அன்றைக்கு அவள் மறுபடி அடுப்பைப் பற்றவைக்கத்தான் போனாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடித்துவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையும் அத்தருமாக சாதிக் ஸ்ரீரங்கம் போனான். பையில் போன். புதூரில் தஸ்லிமா காதில் போனோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

"வாங்க பாய், உக்காருங்க. டீ சொல்லியிருக்கேன்" என்றது மார்ட்டினின் குரல். "இவங்க ரெங்கம்மாள். பையன் சரத்குமாருக்குக் கல்யாணம். நீங்க அனுப்பின டிசைன் இவங்களுக்குப் பிடிச்சிருக்கு. சின்னச் சின்னதா மாத்தம் சொல்றாங்க. எதிர்லயே பண்ணிக் காட்டுங்க, பாப்போம். இங்க வேலைன்னா இதுதான். பார்ட்டி பக்கத்துல உக்காந்து உசிரை எடுப்பாங்க. பொறுமையா செய்யணும்."

"அதுக்கென்ன சார், நம்ம விரல் நுனியில இருக்கு" என்றான் சாதிக்.

ரெங்கம்மாளின் குரல் கணீரென்று வந்தது. "மொதல்ல அந்தப் பெருமாளைக் கொஞ்சம் மேல தூக்குங்க. அவரு காலுக்கடியிலேயே எம் மாமனார் பேரு வந்து முட்டுது."

தஸ்லிமா பெருமாள் படத்தைப் பதமாக மேலே ஏற்றினாள். அடியில் ஒரு விரற்கடை இடம் விட்டாள்.

"இப்பச் சரி. எங்க வீட்டுக்காரர் வீரமலை பேருக்கு முன்னாடி 'தெய்வத்திரு' போடணும். தாய்மாமன் பேரு சித்தப்பாவுக்குக் கீழயா? வேண்டவே வேணாம். மேல கொண்டாந்துருங்க. இல்லாட்டி அவரு கல்யாணத்துக்கே வரமாட்டாரு."

எல்லாம் சொல்லச் சொல்ல நடந்தது. "பரவால்லையே பாய், கை நல்லா ஓடுது" என்றார் மார்ட்டின். அந்த ஒரு பாராட்டு போதும், சாதிக்குக்குத் தலைகால் புரியாமல் போக. இதுவரை கண்ணாடியில் படாமல் ஆடிக்கொண்டிருந்த விரல், ரசிகர்கள் கூடிவிட்ட தெம்பில் நிஜமாகவே பட்டுவிட்டது. தஸ்லிமாவின் திரையில் பெருமாள் சர்ரென்று கீழே இறங்கினார். மாமனாரைத் தாண்டி, சித்தப்பாவைத் தாண்டி, பிரஸ்ஸின் போன் நம்பருக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"ஐயையோ! பெருமாளை எங்க கொண்டு போறீங்க?" என்று ரெங்கம்மாள் கத்தியது புதூர் வரைக்கும் அதிர்ந்தது.

தஸ்லிமா சட்டென்று பழைய இடத்தில் கொண்டுபோய் வைத்தாள். தான் செய்ததைத் தானே சரி செய்கிற வீராப்பில் சாதிக் மறுபடி இழுத்தான். இவள் ஏற்ற, அவன் இறக்க, பெருமாள் மேலும் கீழுமாக அல்லாடினார். 'கையை எடுடா' என்று அவள் மனசுக்குள் கத்தினாள். வாழ்க்கையில் முதல் முறையாக அவனை 'டா' போட்டது அப்போதுதான். கடைசியில் டீ வந்தது போலிருக்கிறது. டம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது. தப்பித்தோம் என்று அவன் அதை எடுத்திருக்க வேண்டும், திரையில் இழுப்பு நின்றது. அவள் நிதானமாகப் பெருமாளை உரிய இடத்தில் வைத்து, கலைந்துபோன பேர்களை ஒழுங்கு செய்ய ஆரம்பித்தாள்.

"பாய், ஒரு நிமிஷம்" என்றார் மார்ட்டின். "உங்க ரெண்டு கையும் டம்ளர்ல இருக்கு. அம்பு ஓடுதே?"

தஸ்லிமாவின் கை நின்றுவிட்டது. இப்போதாவது சொல்வான், என் வீட்டுக்காரம்மாதான் செய்கிறாள் சார் என்று ஒரு வார்த்தை சொல்வான் என்று அவள் அல்லாவை வேண்டிக்கொண்டு காத்திருந்தாள்.

"அது ஏஐ சார்" என்றான் சாதிக்.

"என்னது?"

"ஏஐ சார். நானே பழக்கி வச்சிருக்கேன். பத்து வருஷமா பழக்குறேன். பேசறதைக் கேட்டுக்கிட்டு அதுவா செஞ்சிரும். எதிர்த்து ஒரு வார்த்தை பேசாது. சம்பளம் கிடையாது, லீவு கிடையாது. என்னை நீங்க வேலைக்கு வச்சீங்கன்னா அதுவும் கூடவே வந்துரும்."

பொய் தஸ்லிமாவுக்குப் புதிதில்லை. இவ்வளவு கச்சிதமாக, ஒன்றுவிடாமல், உண்மையையே பொய்யாகச் சொல்வான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"அட! நம்ம பேசறது அதுக்குக் கேக்குதா?" என்று ரெங்கம்மாள் ஆச்சரியப்பட்டார். "அதுக்குப் பேரு கீரு ஏதும் உண்டா?"

"மெஷினுக்கு என்னம்மா பேரு" என்று சாதிக் சிரித்தான்.

தஸ்லிமா பத்திரிகையை ஒதுக்கிவிட்டுப் புதுப் பக்கம் ஒன்றைத் திறந்தாள். கல்யாணப் பத்திரிகையில் மணமக்கள் பேருக்குப் போடுகிற பெரிய எழுத்தை எடுத்தாள். அடித்தாள்.

'என் பெயர் தஸ்லிமா. இவருடைய மனைவி. பத்து வருஷமாக எல்லா டிசைனும் நான் செய்தது. இவர் சட்டைப் பையில் போன் இருக்கிறது. நான் லைனில்தான் இருக்கிறேன்.'

மார்ட்டின் அதை உரக்கப் படித்தார். கடைசி வரியை இரண்டு தடவை படித்தார். "பாய், அந்த போனைக் கொஞ்சம் குடுங்க" என்றார். துணி உரசுகிற சத்தம் கேட்டது. "அம்மா, இருக்கீங்களா?"

"இருக்கேன் சார்." இத்தனை நாளும் கேட்க மட்டுமே செய்த அந்த லைனில் அவள் வாய் திறந்து பேசியது அதுதான் முதல் தடவை.

குறுக்கே ரெங்கம்மாள் போனைப் பிடுங்கியிருக்க வேண்டும். "ஏம்மா, பெருமாளை மேல ஏத்தினது நீதானா?"

"ஆமாம்மா."

"நல்லா இரு தாயி. கீழ எறக்கின ஆளை நான் பாத்துக்கறேன்."

மார்ட்டின் மறுபடி பேசினார். "எனக்கு வேலை செய்யற ஆள்தாம்மா வேணும். வேலைக்கு வரீங்களா?"

பின்னால் சாதிக்கின் குரல் அவசரமாக நுழைந்தது. "அவ எப்பிடி சார் வருவா? ரெண்டு பஸ் மாறணும். வீட்ல வேலை இருக்கு. வேணும்னா என் பேர்லயே..."

"திங்கக்கிழமை வரேன் சார்" என்றாள் தஸ்லிமா.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்தான். "நாலு பேருக்கு முன்னாடி என் மானத்தை வாங்கிட்டியே!"

"நான் எங்க வாங்கினேன்? நீங்கதான் என்னையக் காட்டிப் பீத்திக்கிட்டீங்க. சம்பளம் கிடையாது, லீவு கிடையாதுன்னு. இனிமே ரெண்டும் உண்டு. அதையும் போய் டீக்கடையில சொல்லுங்க."

இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். சாப்பாட்டில் மட்டும் ஒரு குறையும் வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை டீக்கடைக்குப் போனவன், "பெரிய பிரஸ்ஸு. நான்தான் பேசி வச்சுக் குடுத்தேன்" என்று சொன்னதாகப் பக்கத்து வீட்டு ஜெஸிமா வந்து சொன்னாள். தஸ்லிமா மறுக்கவில்லை. சொல்லிவிட்டுப் போகட்டும் என்று மறுநாளைக்குப் புடவையை எடுத்து வைத்தாள்.

திங்கள்கிழமை காலை சத்திரத்தில் பஸ் மாறி, பாலத்தைத் தாண்டி, பிரஸ்ஸுக்குப் போய்ச் சேர்ந்தாள். மார்ட்டின் ஜன்னல் பக்கத்து மேஜையைக் காட்டினார். அதில் ஒரு நல்ல கம்ப்யூட்டர் இருந்தது. ரெங்கம்மாளின் பத்திரிகை அச்சுக்குப் போக, அடுத்த பார்ட்டி பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து, "இந்த எழுத்தைக் கொஞ்சம் பெருசு பண்ணுங்கம்மா" என்றார். அவள் பெரிசு பண்ணினாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் ஒரு எழுத்தைப் பெரிசு பண்ணியதே இல்லை.

மத்தியானம் போன் அடித்தது. சாதிக். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினான். பின்னால் டீக்கடை இரைச்சல் கேட்டது.

"தஸ்லிமா, ஒரு பார்ட்டி உக்காந்திருக்காரு. அம்பு நகரவே மாட்டேங்குது."

"நான் ஸ்ரீரங்கத்துல இருக்கேங்க. கம்ப்யூட்டரை அணைச்சுட்டீங்களா?"

"இல்ல, ஓடிக்கிட்டுதான் இருக்கு. டேப்ல நம்ம வீட்டுத் திரை பளிச்சுன்னு தெரியுது. டிசைனும் இருக்கு. அம்பு மட்டும் அப்படியே நிக்குது."

"விரலை வச்சு இழுத்துப் பாத்தீங்களா?"

இத்தனை நேரமும் கண்ணாடியில் படாமல் ஆடிய விரல் அப்போதுதான் நின்றிருக்க வேண்டும்.

"நானா?" என்றான் சாதிக்.