மூன்று நிமிடத்துக்கு மேல்

டிசம்பர் பிறந்ததும் கனடாவில் இருக்கும் என் மகள் ஒரு பட்டியல் அனுப்பினாள். குளிர்காலத்தில் வயதானவர்கள் உடம்பையும் மூளையையும் எப்படிக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று. தாகம் இல்லாவிட்டாலும் தண்ணீர் குடிக்க வேண்டும், வெயிலில் உட்கார வேண்டும், புதிதாக ஏதாவது படிக்க வேண்டும், நாலு பேரோடு பேச வேண்டும். கடைசியாக, பனிக்கட்டியில் வழுக்கி விழாமல் பார்த்து நடக்க வேண்டும். மட்டாஞ்சேரியில் பனிக்கட்டி மீன்காரன் பெட்டியில்தான் இருக்கிறது, அதில் ஏறி நடக்கும் உத்தேசம் எனக்கு இல்லை என்று பதில் போட்டேன். சிரிக்கிற முகம் ஒன்று வந்தது.

கிண்டல் செய்தேனே தவிர, இங்கேயும் குளிர் உண்டு. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று என் அம்மா சொல்வாள். மரம் கோச்சும் குளிர், அதாவது மரமே விறைத்துப்போகும் குளிர் என்று இங்கே உள்ளவர்கள் சொல்வார்கள். பத்து மணிக்கு வெயில் மண்டையைப் பிளந்தாலும் விடியற்காலையில் முழங்கால் இரண்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. எனக்கு எழுபத்து மூன்று வயது.

கார்த்திகையில் இருமல் பிடித்துக்கொண்டது. காலைப் பனியில் மூன்று வாரம் வெளியே போகாதீர்கள் என்றார் டாக்டர். அந்த மூன்று வாரத்தை நான் இரண்டு மாதமாக்கிக்கொண்டேன். தினமும் படகுத்துறை வரைக்கும் நடந்துகொண்டிருந்தவள் நடையை நிறுத்தினேன். அப்புறம் கடைக்குப் போவதும் குறைந்தது. கணவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. வீட்டில் நான் மட்டும்தான். சில நாள் சாயங்காலம் பால்காரரிடம் ஏதாவது சொல்ல வாயைத் திறந்தால் குரல் கரகரவென்று வரும். காலையிலிருந்து யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அப்போதுதான் தெரியும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பேச்சுதான் என் சோறு. இருபத்தொரு வயதில் டெலிபோன் ஆபீசில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து கொச்சி நகரசபையில் துப்புரவு வேலை பார்த்தவர் என் அப்பா. அவருடைய மகள் காதில் ஹெட்செட் மாட்டி நாற்காலியில் உட்கார்ந்ததை எங்கள் தெருவே வந்து விசாரித்தது. கொச்சங்காடிக் கிடங்குகளிலிருந்து பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் மிளகு விலை, இஞ்சி விலை கேட்டு டிரங்க் கால் புக் செய்வார்கள். இணைப்பைக் கொடுப்பேன். மூன்று நிமிடம் ஆனதும் நடுவே புகுந்து, "மூணு நிமிஷம் ஆச்சு, நீட்டணுமா?" என்று கேட்பேன். வேண்டாம் என்றால் வெட்டிவிடுவேன். அவர்கள் பேசுவதை ஒட்டுக் கேட்கக் கூடாது. லைனில் உயிர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

டிரங்க் கால் காலம் முடிந்ததும் நம்பர் விசாரணைப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கேதான் எனக்குப் பெயர் கிடைத்தது. பக்கத்தில் இருப்பவள் புத்தகத்தைத் திறப்பதற்குள் நான் நம்பரைச் சொல்லிவிடுவேன். மருந்துக் கடை, ஐஸ் கம்பெனி, தோப்பும்படியில் படகு பழுது பார்க்கிற பட்டறை, எல்லாம் நாக்கு நுனியில் இருக்கும். முகத்தையெல்லாம் நான் நினைவில் வைத்துக்கொண்டதே இல்லை. எனக்கு மனிதர்கள் என்றால் நம்பர்தான்.

அந்த வேலை ஒரு வழக்கத்தை உடம்பிலேயே ஏற்றிவிட்டது. என்னால் போனில் மூன்று நிமிடத்துக்கு மேல் பேச முடியாது. கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை, உள்ளே ஏதோ ஒன்று மணி அடித்துவிடும். "சரி, வெக்கட்டா?" என்று வாய் தானாகச் சொல்லும். சண்டையைக்கூட நீ மூணு நிமிஷத்தில் முடித்துவிடுகிறாய், நான் பதில் சொல்ல எக்ஸ்டென்ஷன் கொடுக்க மாட்டாயா என்று கணவர் கேட்பார். மகளோடு பேசுவது அவருடைய இலாகா. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் ஒரு மணி நேரம் போனைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருப்பார். நான் சமையலறையிலிருந்தே "சாப்பிட்டாளான்னு கேளுங்க" என்று குரல் கொடுப்பேன். அவர் போன பிறகு போன் என் கைக்கு வந்தது. அங்கே அவளுக்குக் காலை, இங்கே எனக்கு அந்தி. சாப்பிட்டியா, பேத்தி எப்படி இருக்கிறாள், குளிர் எப்படி, சரி வெக்கட்டா. ஆறு வருஷமாக இவ்வளவுதான்.

மார்கழி நடுவில் சுள்ளிக்கல்லில் ஒரு மருந்துக் கடைக்கு மாத்திரை வாங்கப் போனேன். பில் போடுகிற பெண் மொபைல் நம்பர் கேட்டாள். நான் தயங்கவே இல்லை, கடகடவென்று சொன்னேன். அவள் பாதி அடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"சேச்சி, இது லேண்ட்லைன் நம்பரல்லே?"

உள்ளே உட்கார்ந்திருந்த வயதான முதலாளி சிரித்தார். "அது நம்ம கடையோட பழைய நம்பர். எத்தனையோ வருஷமாச்சு அந்த போனை மாத்தி. சேச்சிக்கு எங்கனே தெரியும்?"

வேறு நாளாக இருந்தால் பெருமையாக இருந்திருக்கும். அவள் மறுபடியும், "சேச்சியோட நம்பர் பறயு" என்றாள். யோசித்தேன். ஒன்பதில் ஆரம்பிக்கும் என்பது தெரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பின்னால் இரண்டு பேர் நின்றார்கள். நம்பர் வேண்டாம், பில்லும் வேண்டாம் என்று மாத்திரையை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பஸ் ஸ்டாப்பில் வந்து நின்றேன். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். தன் நம்பருக்குத் தானே யாரும் போன் செய்வதில்லை, மறந்தால் என்ன என்றும் வாதாடினேன். எதுவும் எடுபடவில்லை. பயந்துவிட்டேன்.

உண்மையில் அது முதல் தடவை இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒரு வார்த்தை காணாமல் போகும். காய்கறிக் கடையில் கையால் காட்டி "அது கால் கிலோ" என்று சமாளித்திருக்கிறேன். மகளிடம் மட்டும் இது நடந்ததில்லை. மூன்று நிமிடத்துக்குள் யாரிடமும் எதையும் மறைத்துவிடலாம். எனக்கு வசதியாக இருந்தது அந்த மூன்று நிமிடம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வெக்கட்டா என்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"இரும்மா. ஜனவரி கடைசில நான் வர்றேன். கோயம்புத்தூர் பக்கத்துல பெரியவங்களுக்கு ஒரு இடம் இருக்கு. ரூம், சாப்பாடு, நர்ஸ் எல்லாம் உண்டு. போய்ப் பார்க்கலாம்."

"எனக்கு என்ன கேடு?"

"நீ பேசவே மாட்டேங்கிற. கேட்டதுக்குப் பதில், உடனே வெச்சிடுற. அப்பா போனதுலருந்தே இப்படித்தான். இங்க ஒரு டாக்டர்கிட்ட கேட்டேன். பேச்சு குறையறதும் ஒரு அடையாளமா இருக்கலாம்னு சொன்னாங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அது வேலைப் பழக்கமடி, முப்பத்தெட்டு வருஷத்துப் பழக்கம் என்று கத்தினேன். கத்தி முடித்ததும் போனை வைத்துவிட்டேன். அதுவும் மூன்று நிமிடத்துக்குள் முடிந்திருக்கும்.

இந்த வீட்டை விட்டு நான் எங்கே போவது? கதவைத் திறந்தால் ஆளுக்கொரு பாஷை பேசுகிற இந்தத் தெருவில்தான் பிறந்தேன், கல்யாணம் செய்தேன், அவரை அனுப்பிவைத்தேன். ஆனால் அவள் சொன்னது முழுப் பொய்யும் இல்லை என்று எனக்கு மட்டும் தெரியும். அதுதான் தூங்கவிடவில்லை.

அவள் வாயை அடைக்க ஒரே வழி, நிறையப் பேசிக் காட்டுவது. அடுத்த வாரம் முழுக்க யோசித்து ஒரு தாளில் எழுதினேன். தண்ணீர்க் குழாய், இருமல் குறைந்தது, பக்கத்துத் தெருக் கல்யாணம், மீன் விலை, எதிர் வீட்டில் கட்டிய கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை இன்னும் அவிழ்க்காதது. ஞாயிறு வந்ததும் தாளை போனுக்குப் பின்னால் சாய்த்து வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஏழு நிமிடம் ஓடியது. எனக்கே ஆச்சரியம். வீடியோவில் மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நீ எதையோ படிக்கிற."

நான் இல்லை என்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டிக்கெட் போட்டுவிட்டதாக மறுநாள் செய்தி வந்தது.

அதற்குப் பிறகு நாலைந்து நாள் நான் படுக்கையை விட்டு எழுந்ததே சாயாவுக்கும் கஞ்சிக்கும்தான். ஒரு காலை, சுவரை ஒட்டிய வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கிறவள், மலையாளி, ஐம்பது வயது இருக்கும், வந்து கதவைத் தட்டினாள். "சேச்சி, ரெண்டு நாளா ஜன்னல் துறந்நில்ல. மேலே வெயிலுண்டு, வாங்க" என்று கையைப் பிடித்து மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனாள். முதுகில் வெயில் பட்டதும் அழுகை வந்தது. அதை அவள் பார்க்காத மாதிரி சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். தைத்துக்கொண்டே தொடுபுழையில் இருக்கும் தங்கையோடு போனில் பேசினாள். நான் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்கப் பேசினாள். வேலையில் இருந்தவரை அடுத்தவர் பேச்சைக் கேட்டதில்லை. அன்றைக்கு வெட்கமில்லாமல் கேட்டேன்.

அவள் போனை வைத்ததும், "என்ன விஷயம், ஏதாவது விசேஷமா?" என்றேன்.

"ஒந்நும் இல்ல சேச்சி. அவ அரிஞ்ச மீனைப் பத்தி அவ பறஞ்சு. நான் அரிஞ்ச மீனைப் பத்தி நான் பறஞ்சு."

"அதுக்கு ஒரு மணி நேரமா?"

"பின்னே? சில நேரம் ரெண்டு பேரும் மிண்டாதே இருக்கும். அவ பாத்திரம் கழுவற சத்தம் கேக்கும். அது மதி, அது போதும்."

ஒன்றும் பேசாமல் லைனைத் திறந்து வைத்திருப்பது. எங்கள் ஆபீசில் அதற்கு மெமோ கொடுப்பார்கள். என் கணவர் ஒரு மணி நேரம் நாற்காலியில் சாய்ந்து என்னதான் பேசினார் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. சமையலறையில் நின்றபோது கூடத்தில் பல சமயம் சத்தமே இருக்காது. லைன் கட்டாகிவிட்டது என்றுதான் நினைத்திருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு தாள் எழுதவில்லை. வீடியோ வேண்டாம், சும்மா பேசு என்று மகளிடம் சொன்னேன். சாளை மீன் வாங்கினேன், முள்ளெல்லாம் கையில் குத்திவிட்டது என்றேன். அங்கே மைனஸ் பதினெட்டு, பனி மூடி ஜன்னலே தெரியவில்லை என்றாள். உள்ளே மணி அடித்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் இருவரும் ஒன்றும் பேசவில்லை. அந்தப் பக்கம் கெட்டிலில் தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது.

"பாப்பா எழுந்துட்டாளா?" என்று கேட்க நினைத்து, பாப்பா என்று சொல்லாமல் பெயரையே சொல்வோம் என்று வாயைத் திறந்தேன். பெயர் வரவில்லை. என் பேத்தி. நான் வைத்த பெயர் அது. கணவரோடு மல்லுக்கு நின்று வைத்தது. தேடத் தேட உள்ளே மருந்துக் கடையின் பழைய நம்பர்தான் வந்து நின்றது.

வெக்கட்டா என்ற வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. வைத்திருந்தால் அந்த வாரமும் தப்பித்திருப்பேன்.

"உன் மக பேரு எனக்கு வரலடி" என்றேன்.

நானே எல்லாவற்றையும் சொன்னேன். மொபைல் நம்பர், காய்கறிக் கடை, தாள் எழுதிவைத்துப் படித்தது, இத்தனை நாள் சீக்கிரம் வைத்ததில் பாதி பழக்கம், பாதி திருட்டுத்தனம் என்பதையும். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியாது. முடிந்ததும் அவள் பேத்தியின் பெயரைச் சொன்னாள். நான் திரும்பச் சொன்னேன்.

"டாக்டர்கிட்ட வர்றேன்" என்றேன். "அந்தக் கோயம்புத்தூர் இடத்தையும் வேணும்னா பார்க்கிறேன். உனக்கு நிம்மதின்னா சரி."

"என் நிம்மதி இருக்கட்டும்மா" என்றாள். "நான் வாரத்துல தமிழ் பேசறது இந்த ஒரு தடவைதான். ஆபீசும் வீட்டிலிருந்துதான். நாலு மணிக்கு இருட்டிடும். பாப்பா இங்கிலீஷ்ல பதில் சொல்லிட்டு ரூமுக்குப் போயிடுவா. அப்பா போனப்புறம் நீயும் வெச்சிடுவ. வெச்சப்புறம் போனையே பார்த்துக்கிட்டு இருப்பேன்."

என் தனிமையை நான் இத்தனை நாள் ஆசையாக வளர்த்துக்கொண்டிருந்தேன். இன்னொருத்தி அங்கே போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது. பெற்ற பெண்ணின் லைனை ஆறு வருஷமாக வாராவாரம் நானே வெட்டியிருக்கிறேன்.

"எனக்குப் பயமா இருக்கு" என்றேன். இதை நான் யாரிடமும், அவரிடம்கூட, சொன்னதில்லை.

"எனக்கும்தாம்மா" என்றாள்.