உப்புத் தண்ணீரில் ஒரு குடித்தனம்

அண்ணனை அடக்கம் பண்ணிவிட்டு வந்த மறுநாள், எலக்ட்ரீஷியன் குளியலறைச் சுவரில் இருந்த கீசரை இறக்கி, அதன் அடியில் இருந்த, தண்ணீரைச் சூடாக்கும் காயிலை உருவித் துணி துவைக்கும் கல்லின்மேல் வைத்தார். அது உள்ளே இருந்து சுலபத்தில் வரவில்லை. ஆட்டி ஆட்டி இழுக்க வேண்டியிருந்தது. வெளியே வந்தபோது அதில் இரும்போ செம்போ கண்ணுக்குத் தெரியவில்லை. குழந்தையின் மணிக்கட்டு கனத்துக்கு வெள்ளை வெள்ளையாய் உப்பு ஏறியிருந்தது. சில இடங்களில் மஞ்சள் பாரித்துப் பல்லின் காறை போல இருந்தது. ஸ்க்ரூடிரைவரால் அவர் தட்டியபோது ஒரு பக்கம் சில்லாக உதிர்ந்தது, உள்ளே காயிலின் உறை வெடித்திருப்பது தெரிந்தது. வீட்டில் துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் பின்வாசலில் கூடி நின்று பார்த்தோம். அண்ணி மட்டும் கல்லுக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, கையால் தொடாமல், நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் இருந்தது ஸ்கெலட்டன் பகுதியில் ஒரு லைன் வீடு. தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்கென்று வரிசையாகக் கட்டிவிட்ட வீடுகளில் ஒன்று. ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த எங்கள் பாட்டனாருக்குக் கிடைத்து, அப்பாவுக்கு வந்து, அண்ணனிடம் நின்றது. சுரங்கம் ஓடிய காலத்தில் பேத்தமங்கலா ஏரித் தண்ணீர் லைனுக்கு ஒரு குழாயில் வந்துகொண்டிருந்தது. வீட்டுக்குள் குழாய் என்று யாருக்கும் கிடையாது. சுரங்கத்தை மூடிய பிறகு அந்தத் தண்ணீரும் வருவதும் நிற்பதுமாக ஆயிற்று. பிறகு ஊர் முழுக்கப் போர்வெல் போட்டார்கள். பூமிக்குள் வெகு ஆழத்திலிருந்து வந்த அந்தத் தண்ணீர் பார்வைக்குக் கண்ணாடி போல இருக்கும். வீட்டுக்குள்ளேயே குழாய் வந்துவிட்ட சந்தோஷத்தில் முதலில் யாரும் அதைக் குறை சொல்லவில்லை.

குறை மெல்லத்தான் தெரிந்தது. எவர்சில்வர் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தால், காய்ந்தபின் விளிம்பில் வெள்ளை வளையம் நின்றது. பருப்பு வேகச் சண்டித்தனம் பண்ணியது. குழாயின் வாயில் காளான் மாதிரி வெள்ளை பூத்தது. ஷவரில் ஒவ்வொரு கண்ணாக அடைத்துக்கொண்டே வந்து, கடைசியில் தண்ணீர் நேரே விழாமல் சுவரைப் பார்த்துப் பீய்ச்சியது. ஒருமுறை சமையலறைக் குழாயில் தண்ணீர் சொட்டாக வந்தபோது பிளம்பர் பழைய இரும்புக் குழாயை அறுத்துக் காட்டினார். கட்டைவிரல் நுழைய வேண்டிய துவாரத்தில் பென்சில் நுழைவதற்குத்தான் இடம் இருந்தது. சுற்றிலும் அடுக்கடுக்காக உப்பு. துணி துவைக்கும் மெஷினையும் அது விடவில்லை. தண்ணீர் உள்ளே போகும் இடத்தில் இருக்கும் சல்லடை வாரம் தவறாமல் அடைத்துக்கொள்ளும்.

பங்காருபேட்டையில் ரயில்வேக்காரர் வீட்டில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த அண்ணிக்கு இது பெரிய ரோஷமாகிவிட்டது. வெளுத்துப்போன குழாயைப் பார்த்தால் தன்னை யாரோ அழுக்கானவள் என்று சொல்லிவிட்டது போல முகம் சுண்டும். ஷவரைக் கழற்றி வினிகரில் ஊறவைப்பார். குழாயின் கழுத்தில் புளியை அப்பிப் பழந்துணியால் கட்டிவிடுவார், காலையில் அவிழ்த்துத் தேய்ப்பார். மெஷினின் சல்லடையைப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் துலக்குவார். எங்கள் வீட்டுக் குழாய்கள் லைனிலேயே பளபளப்பானவை. கண்ணுக்குத் தெரிந்த இடங்களையெல்லாம் அண்ணி ஜெயித்தார். கீசரின் வயிற்றுக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. அதைத் திறந்து பார்க்க வேண்டும் என்று எங்களுக்குச் சொன்னவர்களும் இல்லை.

அந்தக் கீசரை அண்ணன் ஒரு கிறிஸ்துமஸுக்கு முன்னால் வாங்கிப் போட்டார். அவர் பெங்களூரில் ஒரு பட்டறையில் ஃபிட்டர். நானும் அங்கே ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். இருவரும் ஊரிகம் ஸ்டேஷனில் விடியற்கால ரயிலைப் பிடிக்க வேண்டும். எங்கள் ஊர் டிசம்பர் குளிரில் பச்சைத் தண்ணீரில் குளிப்பது லேசான காரியமில்லை, அண்ணியோ எங்கள் இருவருக்கும் முன்னால் எழுந்து விறகு மூட்டித் தண்ணீர் காய்ச்சுவார். அவருடைய அந்த வேலையை ஒழிக்கத்தான் கீசர் வந்தது. ஆரம்பத்தில் பல் தேய்த்து முடிப்பதற்குள் தண்ணீர் கொதித்தது. அடுத்தடுத்த வருடங்களில் இட்லி வெந்து இறக்கும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. உள்ளே கொடகொடவென்று ஒரு சத்தமும் வர ஆரம்பித்தது. வயசாகிப்போச்சு, முனகுது என்று அண்ணன் சிரிப்பார்.

அவர் இறந்த காலை நான் கண்ணாடி முன் தலை பின்னிக்கொண்டிருந்தேன். பின்கட்டில் வாளி உருளும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு எந்தச் சத்தமும் இல்லை. அண்ணி கூப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கதவை இடித்தார். தகரக் கதவு, தாழ்ப்பாள் பெயர்ந்துவிட்டது. அண்ணன் குழாய்க்குக் கீழே சுருண்டு கிடந்தார். தண்ணீர் அவர்மேல் ஓடிக்கொண்டே இருந்தது. அண்ணி குனிந்து கையை நீட்டிவிட்டார். அதற்குள் பக்கத்து வீட்டுப் பெரியவர், சுரங்கத்தில் பல காலம் வேலை செய்தவர், சத்தம் கேட்டு ஓடிவந்து, “தொடாதம்மா, கரண்ட்டு” என்று கத்தினார். நேரே முன்பக்கம் போய் ஃபியூஸைப் பிடுங்கினார். அவர் வந்திராவிட்டால் அந்த வீட்டிலிருந்து இரண்டு சவப்பெட்டிகள் போயிருக்கும்.

உப்பு ஏறிய காயிலின் சூடு தண்ணீருக்குள் இறங்க முடியாமல் தனக்குள்ளேயே தங்கி, உறையை வெடிக்க வைத்துவிட்டது என்று எலக்ட்ரீஷியன் சொன்னார். வெடிப்பு வழியாகக் கரண்ட் தண்ணீரில் கலந்திருக்கிறது. எர்த் கம்பி இருந்திருந்தால் அது பூமிக்குள் இறங்கியிருக்கும். லைன் வீடு கட்டிய காலத்தில் ஒரு பல்புக்காக இழுத்த ஒயரிலிருந்துதான் நாங்கள் எல்லாவற்றுக்கும் கரண்ட் எடுத்திருந்தோம். கீசரின் பிளக்கில் மூன்றாவது முள் இருந்தது, சுவரில் அதற்கான ஓட்டையும் இருந்தது, ஓட்டைக்குப் பின்னால் கம்பி இல்லை.

அண்ணி எங்கள் முன்னால் அழவில்லை. ஆண்டர்சன்பேட்டையில் ஒரு தையற்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பள்ளியில் படித்துக்கொண்டிருந்த மகளைக் காலையில் அனுப்பிவிட்டு நடந்தே போவார். முதல் காரியமாக வீட்டு ஒயரை மாற்றி, கொல்லையில் எர்த்துக்குக் குழி தோண்டி, கரண்ட் கசிந்தால் தானே விழுந்துவிடும் டிரிப்பரை வைத்தார். அத்தோடு நின்றுவிடுவார் என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும், அந்தக் காயிலை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு லைனில் முதல் வீட்டுக்குப் போனார்.

அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் போனார். கீசரை எப்போது கழற்றிப் பார்த்தீர்கள், சுவரில் எர்த் இருக்கிறதா என்று கேட்பார், பையிலிருந்து காயிலை எடுத்துக் காட்டுவார். அதிகம் பேசமாட்டார். சிலர் பரிதாபப்பட்டு உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார்கள். சிலர் அவர் வருவதைப் பார்த்ததும் கதவைச் சாத்தினார்கள். புருஷன் போனதில் புத்தி கலங்கிவிட்டது என்று பேச்சு கிளம்பியது. எதிர் வரிசையில் ஓர் அக்கா இருந்தார், வாய்க்குப் பெயர் போனவர். அவர் வாசற்படியிலேயே அண்ணியை நிறுத்திவிட்டார்.

“செத்தவர் உசுரை எடுத்த சாமானை இன்னாத்துக்கும்மா வீட்டு வீட்டுக்குத் தூக்கினு வர்ற? என் மருமக முழுகாம கீறா. போ, நல்லா இருப்ப.”

அண்ணி பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இனிமேல் போகாதீர்கள், யாருக்காகப் போகிறீர்கள் என்று கேட்டேன். அடுத்த ஞாயிறு மீண்டும் கிளம்பினார், அந்த வாசலுக்கும் போனார். இம்முறை பை இல்லாமல் போனார்.

முதலில் பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒயர் மாற்றினார். பிறகு இரண்டொரு வீடுகள். காயிலை வெளியே எடுத்தபோதெல்லாம் அதே வெள்ளை இருந்தது, சிலதில் கூடுதல், சிலதில் குறைவு. அந்தச் சேதி வாய்வழியாகப் பரவியது. குளிர்காலம் தொடங்கும் முன் காயிலைக் கழற்றித் துலக்குவது எங்கள் லைனில் வழக்கமாகிவிட்டது. எதிர் வரிசை அக்கா வீட்டிலும் அவர் மகன் டிரிப்பர் வைத்தான். அம்மாவின் சம்மதம் இல்லாமல்தான் வைத்தான்.

அடுத்த வருடம், பனி பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் அந்த அக்கா எங்கள் வாசலில் வந்து நின்று சத்தம் போட்டார். எல்லாம் உன்னால்தான், நீ சொல்லி இவன் ஏதோ ஒரு சுவிட்சை மாட்டிவைத்திருக்கிறான், அது விழுந்து விழுந்து வீடே இருண்டு கிடக்கிறது, கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வெந்நீருக்கு நான் எங்கே போவேன் என்று. அண்ணி கேட்டது ஒன்றுதான்: கீசரைப் போடும்போது விழுகிறதா? ஆமாம் என்றார் அக்கா. அண்ணி செருப்புக்கூடப் போடாமல் எதிர் வரிசைக்கு ஓடினார். அக்காவின் மருமகள் குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு குளியலறை வாசலில் நின்றிருந்தாள். சுவிட்சை மீண்டும் மேலே தள்ளிவிட அவள் புருஷன் ஸ்டூலில் ஏறியிருந்தான். அண்ணி அவன் கையைப் பிடித்து இறக்கினார்.

எலக்ட்ரீஷியன் வந்து கழற்றினார். காயிலின் நடுவில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. டிரிப்பர் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. எதிர் வரிசை அக்கா வெடிப்பைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், நடந்து வந்து எங்கள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். அண்ணி ஒரு சொம்பில் தண்ணீர் கொடுத்தார். அவர் குடித்துவிட்டு, சொம்பைத் திருப்பிக் கொடுக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

அவர் போன பிறகுதான் அண்ணி வாய் திறந்தார். நான் அன்று ரயிலை விட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

“உங்க அண்ணன் சொன்னாரு பாப்பா. அதுக்கு முன்னால ரெண்டு மூணு வாட்டி சொன்னாரு. தண்ணி கடிக்குதுன்னு.”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

“நம்ம தண்ணிதான் எப்பவும் உடம்பைச் சுருக்குனு பண்ணுமே. எல்லாருக்கும் அரிக்குது, எல்லாருக்கும் தோல் வெடிக்குது. அதான்னு நினைச்சேன். உப்புதாங்க, தேங்காண்ணெ தடவிக்கினு போங்கன்னு சொன்னேன். தடவினும் போனாரு.”

அப்போதுதான் அவர் அழுதார். சத்தமில்லாமல், முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார். எந்த வீட்டில் எது கெட்டாலும் நாங்கள் தண்ணீரைத்தான் திட்டினோம். வேகாத பருப்புக்கும், அடைத்த குழாய்க்கும், உதிர்ந்த தலைமுடிக்கும் அதுதான் காரணம். அத்தனை பழிகளுக்கு நடுவே, உண்மையாகவே எச்சரித்த ஒரு சொல்லும் பழகிப்போன குறையாக எங்கள் காதில் விழுந்துவிட்டது. உங்கள் மேல் தப்பில்லை அண்ணி என்று சொன்னேன். என்னிடம் சொல்லியிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன் என்றேன். அது உண்மை. அது அவருக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று எனக்குத் தெரியாது.

அதன் பிறகு காலம் எவ்வளவோ ஓடிவிட்டது. மகள் படித்து முடித்துப் பெங்களூரில் வேலைக்குப் போனாள். அண்ணியைத் தன்னோடு வரச்சொல்லிக் கூப்பிட்டாள், அவர் லைனை விட்டு வரமாட்டேன் என்றுவிட்டார். இப்போது பல வீடுகளில் தண்ணீரின் உப்பைக் குறைக்கும் கருவியே வைத்துவிட்டார்கள். குடிப்பதற்குக் கேனில் நல்ல தண்ணீர் வருகிறது. போன மழைக்காலத்தில் அண்ணிக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. அதிக நாள் படுக்கவில்லை. சபை ஐயர் வந்து ஜெபித்துவிட்டுப் போன அன்று மாலையே போய்விட்டார்.

மறுநாள் காலை உடலைக் குளிப்பாட்ட, சபைப் பெண்கள் பின்கட்டில் பலகை போட்டார்கள். ஒருத்தி குழாயைத் திறந்து வாளியை வைத்தாள். எதிர் வரிசை அக்கா, இப்போது அவருக்கு முதுகு கூனிவிட்டது, வந்து குழாயை மூடினார்.

“இந்தத் தண்ணி வேணாம்” என்றார்.

தன் மருமகளை அனுப்பி வீட்டிலிருந்த குடிதண்ணீர்க் கேன்களை எடுத்துவரச் சொன்னார். அடுப்பில் வைத்து அவரே வெதுவெதுப்பாகக் காய்ச்சினார். நான் அண்ணியின் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். எங்கள் ஊர்த் தண்ணீரில் சோப்பு நுரைத்து நான் பார்த்ததில்லை. தேய்த்தால் தயிர் திரிந்தது போலத் திரிதிரியாகத்தான் வரும். அன்று அண்ணியின் கூந்தலில் அது பொங்கி நுரைத்து நெற்றியில் வழிந்தது. எதிர் வரிசை அக்கா சட்டென்று தன் உள்ளங்கையை அண்ணியின் புருவத்தின்மேல் அணைகொடுத்து, நுரை கண்ணில் இறங்காமல் பார்த்துக்கொண்டார்.